பூச்சு வேலை யார் பார்ப்பது?
ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35ஐ இந்தியா வாங்கிவிட்டால் வானமே நம்முடையது என்கிற மாதிரி ஒரு கட்டுரை போகிறது. சரி, பராமரிப்பு? கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட் அடித்தும் உப்புக்காற்றில் கீல் பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இந்த மாதிரி விமானத்தின் மேல் பூசும், ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு அதைவிட நோஞ்சான், இதே வகை அமெரிக்க விமானமான எஃப்-22இல் ஒரு மூடியைக் கழற்றினால் விளிம்பில் மறுபடி பூசி உலரவிட வேண்டும். 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டன் எஃப்-35பி, ஹைட்ராலிக் கோளாறால் ஜூலை 22 வரை கிளம்பவில்லை, ரிப்பேருக்கு அவர்கள் ஆட்களே வர வேண்டியிருந்தது (நம்மவர்கள் மீம்ஸ் போட்டே ஓய்ந்துபோனார்கள்). நாமே உருவாக்கும் இதே வகை விமானமான நம்ம ஆம்கா 2024 மார்ச்சில்தான் சுமார் 15,000 கோடிக்கு ஒப்புதல் வாங்கியது, ஆரம்பத்தில் எஞ்சினும் அமெரிக்க எஃப்-414தான். இருந்தாலும் என் ஓட்டு அதற்கே.