இங்கே வெயில் அடிக்கிறதாம்!

காலையில் வாசல் கதவைத் திறந்தால் எதிரே பனிச் சுவர். கதவின் அச்சு கைப்பிடி முதற்கொண்டு அதில் அப்படியே பதிந்திருக்கிறது. கார் எங்கே நிற்கிறது என்பது குத்துமதிப்பாகத்தான் தெரிகிறது. மேலாளருக்குப் போன் போட்டு, இன்று வர முடியாது என்கிறேன். மறுமுனையில் இரண்டு விநாடி அமைதி. அப்புறம், "அப்படியா? இங்கே வெயில் அடிக்கிறதே!"

இந்தக் குளிர்காலத்தில் அதே வாக்கியத்தை நான்காவது முறையாகக் கேட்கிறேன். ஆள் பொய் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சலே. என் வீடு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரத்துக்குத் தெற்கே ஹாம்பர்க்கில். அலுவலகம் நகரத்துக்கு வடக்கே. நடுவில் சுமார் 20 மைல். அங்கே உண்மையிலேயே வெயில்தான்.

பஃபலோவை ஒட்டிக் கிடக்கும் எரீ ஏரி செய்கிற வேலை இது. குளிர்காலத் தொடக்கத்தில் தண்ணீரில் கோடையின் சூடு மிச்சமிருக்கும். அதன்மேல் கடுங்குளிர் காற்று வந்தால் சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு மேலே ஏறி, கரைக்கு வந்து பனியாகக் கொட்டிவிடும். அந்தக் காற்று ஏரியின் நீளவாட்டிலேயே வீசினால் தொலைந்தோம். கிட்டத்தட்ட 240 மைல் தண்ணீரைத் தடவிக்கொண்டு நேராக நம் தலைக்கு வருகிறது. அதுவும் ஊர் முழுக்கப் பரவலாகப் பெய்யாது. சில மைல் அகலத்தில் பட்டையாக நின்று மணிக்கு 3 அங்குலம் என்று கொட்டும். பட்டைக்கு வெளியே நீல வானம். கோடை மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை ஏமாற்றுமே, அதே கதைதான். என்ன, இங்கே விழுவது ஆள் உயரத்துக்கு விழுகிறது.

2014 நவம்பரில் தெற்குப் புறநகர்களில் 5 அடிக்கு மேல், சில இடங்களில் 7 அடி வரை கொட்டியது. பஃபலோவின் வடக்குப் பகுதியில் சில அங்குலம்தான். நெடுஞ்சாலையில் வண்டிகள் புதைந்தன. நயாகரா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு நாளுக்கும் மேலாகப் பேருந்திலேயே அடைபட்டுக் கிடந்தது. அன்றைக்கும் வடக்கே யாராவது ஜன்னலைப் பார்த்து, "இங்கே ஒன்றும் இல்லையே" என்று சொல்லியிருப்பார்கள், சத்தியமாக!

"பஃபலோக்காரர்கள்தானே, உங்களுக்குப் பழக்கம்தானே" என்பவர்களும் இருக்கிறார்கள். எது பழக்கம்? ஒரு மணி நேரம் முதுகு ஒடியத் தள்ளி டிரைவ்வேயை (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் வழி) திறந்து வைத்தால், பனி தள்ளும் வண்டி வந்து தெருப் பனியை எல்லாம் நம் வாசலிலேயே ஒதுக்கிவிட்டுப் போகிறது. அது பஞ்சு மாதிரியான பனி இல்லை. உப்பும் சேறும் கலந்து இறுகிய கல். இதற்கெல்லாம் எந்த மனிதனுக்கும் பழக்கம் வராது. (வண்டி ஓட்டுபவரைத் திட்ட மனசு வருவதில்லை. அவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டுகிறாரோ.)

சரி, பந்து விளையாட்டு என்றால் மட்டும் எப்படி முன்யோசனை வருகிறது? 2022 நவம்பரில் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸின் ஆட்டத்தை வியாழக்கிழமையே டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியது நியாயம்தான், மைதானம் இருக்கும் ஆர்ச்சர்டு பார்க்கில் 6 அடிக்கு மேல் கொட்டித் தீர்த்தது. விமான நிலையத்துக்குப் போக முடியாமல் தவித்த வீரர்களுக்கு அக்கம்பக்கத்தார் பனியை வாரி வழி செய்து கொடுத்தார்கள். அடுத்த மாதமே பெரும் பனிப்புயல் வந்தது. வருகிறது, வருகிறது என்று வானிலைக்காரர்கள் நாள் கணக்கில் கத்தியும், டிசம்பர் 23 அன்று வண்டி ஓட்டத் தடை அமலுக்கு வந்தது காலை 9.30 மணிக்கு. ஒன்பதரைக்கு! மணிக்கூலிக்காரன் அதற்குள் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பானே, திரும்புவது எப்படி? 37 மணி நேரம் கண் தெரியாத காற்று. ஆம்புலன்ஸே மாட்டிக்கொண்டது. பஃபலோ இருக்கும் எரீ மாவட்டத்தில் 47 பேர் போய்விட்டார்கள். சிலர் காரிலேயே, சிலர் தெருவிலேயே, சிலர் சூடில்லாத வீட்டுக்குள். அதற்குப் பிறகும் ஒருவர் என்னிடம் "மெதுவாக ஓட்டி வந்துவிடேன்" என்கிறார் என்றால், எனக்கு வாயில் நல்ல வார்த்தையா வரும்?

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். லீவு எல்லாம் தீர்ந்துவிட்ட பயத்தில் இருட்டோடு எழுந்து, பனியைத் தள்ளி, அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மதியம் காற்று கொஞ்சம் தெற்கிலிருந்து அடித்தது, பட்டை அப்படியே வடக்கே நகர்ந்தது. அலுவலக ஜன்னல் வெள்ளையானது. முழுதாக 4 அங்குலம்கூட இல்லை, எல்லோருக்கும் மின்னஞ்சல்: உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம், அலுவலகத்தை மூடுகிறோம், உடனே கிளம்புங்கள்.

வீடு வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஹாம்பர்க்கில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவ்வே வாயில் மட்டும் இடுப்பு உயரத்துக்கு மறுபடி அடைத்துக் கிடந்தது. காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஷவலை எடுத்தேன்.