யூரேண்டம் பற்றி ஒரு சின்னத் திருத்தம்
லினக்ஸில் ஊகிக்க முடியாத எண்களை வாசிக்க இரண்டு கோப்புகள் உண்டு: ரேண்டம் (/dev/random), யூரேண்டம் (/dev/urandom). 'யூரேண்டம் தருவது போலி எண்கள், மறையாக்கச் சாவி உருவாக்க ரேண்டம் கோப்பையே வாசிக்க வேண்டும்' என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். கொழும்பில் லினக்ஸ் படிக்கிற பிள்ளைகளின் வாட்ஸப் குழுக்களிலும் இதுதான் சுற்றுகிறது.

அப்படியில்லை, அண்ணா. இப்போதைய லினக்ஸில் இரண்டுக்கும் எண்களைத் தருவது கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் ஒரே சாசா20 (ChaCha20) ஜெனரேட்டர்தான். முன்பு ரேண்டம் மட்டும் என்ட்ரபி (கணினி சேர்த்துவைத்த தற்செயல்தன்மை) போதுமா என்று கணக்குப் பார்த்து இடையில் நின்றுவிடும். 2020இல் வந்த 5.6 கர்னலோடு அந்த வழக்கம் போய்விட்டது. (கணினி பூட் ஆகும் முதல் நொடிகள் மட்டும் வேறு கதை, அதற்குத்தான் ஜெனரேட்டர் தயாராகும்வரை காத்திருக்கும் கெட்ரேண்டம் (getrandom) அழைப்பு.)

என் சொல்லை நம்ப வேண்டாம். டெர்மினலைத் திறந்து ரேண்டத்துக்கான மேன் பக்கத்தை (லினக்ஸோடு வரும் கையேடு) 4ஆம் பிரிவில் பாருங்கள் (man 4 random). யூரேண்டமே போதும் என்று அங்கேயே இருக்கிறது. அப்புறம் டிடி (dd) என்ற நகலெடுக்கும் கட்டளையால் ரேண்டம் கோப்பிலிருந்து 100 எம்பி வாசியுங்கள். கர்னல் 5.6 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் எங்கும் நிற்காமல் ஓடி முடியும்.