ஒரே டின்னில் வெந்தது

போன ஞாயிற்றுக்கிழமை வட இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு பப்பில் 22 பவுண்டு கொடுத்து ரோஸ்ட் சாப்பிட்டேன். சுட்ட இறைச்சியும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்த, இந்த ஊர் ஞாயிறு மதிய விருந்து அது. தட்டைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று துண்டு மாட்டிறைச்சி, மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்டு, குழந்தையின் தொப்பி மாதிரி உப்பி நின்ற யார்க்‌ஷயர் புட்டிங், ஐந்தாறு உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், குட்டிக் கிண்ணத்தில் கிரேவி என்கிற இறைச்சிச் சாற்றுக் குழம்பு. கிரேவியை ஊற்றி முதல் வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அது வெந்நீரில் கலக்கிய பாக்கெட் கிரேவி. உருளைக்கிழங்கு எண்ணெய்ச் சட்டியில் முங்கி எழுந்தது. புட்டிங் ஃப்ரீசரிலிருந்து வந்தது. இறைச்சி எப்போதோ வெந்து, ஆறி, அறுபட்டு, மறுபடி சூடேறி வந்திருந்தது. அந்தத் தட்டில் இருந்த எதுவும் அதற்கு முன் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. தெரியாத வீட்டுக் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தன.

வீட்டுக்கு வந்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பினேன். என் புலம்பலை யாரும் கண்டுகொள்ளவில்லை. வேறொரு சண்டை தொடங்கிவிட்டது. யார்க்‌ஷயர் புட்டிங் மாட்டிறைச்சிக்கு மட்டும்தானா, கோழிக்கும் உண்டா? சீஸ் கலந்த வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சுடும் காலிஃபிளவர் சீஸ் ரோஸ்ட்டில் சேர்த்தியா? ரொட்டித்தூளும் மூலிகையும் பிசைந்த ஸ்டஃபிங்கை மாட்டிறைச்சிக்கு வைக்கலாமா? கிறிஸ்துமஸ் வான்கோழியோடு புட்டிங் வைக்கிறவனை வீட்டுக்குள் விடலாமா? சீரகச் சம்பா இல்லாமல் பிரியாணியா என்று நம் ஊரில் மல்லுக்கு நிற்பார்களே, அதே வேகம்.

இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004இல் யார்க்‌ஷயர் வட்டாரத்து ஷெஃபீல்டுக்குப் படிக்க வந்தபோது ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரப் பாட்டி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார், தபால்காரர் உட்பட. முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் "டின்னர் ரெடி, லவ்" என்று கூப்பிட்டார். டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடு என்று நினைத்திருந்த எனக்கு அது முதல் குழப்பம். வடக்கே மதியச் சாப்பாடுதான் டின்னர். மேசையில் உட்கார்ந்தால் தட்டில் ஒரு சதுரத் துண்டு புட்டிங், அதன்மேல் கிரேவி. வேறொன்றும் இல்லை. அது இரண்டாவது குழப்பம். புட்டிங் என்றால் இனிப்பு இல்லையா? சரி, இந்த ஊர் ஞாயிறு விருந்து இவ்வளவுதான் போலிருக்கிறது என்று வயிறாரத் தின்று முடித்தேன். அதற்கப்புறம்தான் இறைச்சி வந்தது. வயிற்றில் இடமில்லை.

அதுதான் சூட்சுமம் என்று பிறகு தெரிந்தது. யார்க்‌ஷயரில் புட்டிங்கை முதலில் தனியாக வைப்பது பழைய வழக்கம். மாவும் முட்டையும் பாலும் மலிவு, இறைச்சி விலை அதிகம். பிள்ளைகளிடம், யார் அதிகம் புட்டிங் தின்கிறார்களோ அவர்களுக்குத்தான் அதிகம் இறைச்சி என்பார்களாம். அதிகம் தின்ற பிள்ளைக்கு அப்புறம் இறைச்சி எங்கே இறங்கும்?

இந்தப் புட்டிங்கின் பிறப்பே அப்படிச் சிக்கனத்தில்தான். அப்போதெல்லாம் இறைச்சியைக் கம்பியில் குத்தி, திறந்த நெருப்புக்கு முன்னால் சுழற்றிச் சுட்டார்கள். சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு. அந்தக் கொழுப்புக்கு டிரிப்பிங் என்று பெயர். கரைத்த மாவை அதிலேயே ஊற்றினால் அதுவும் வெந்துவிடும். 1747இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இதை யார்க்‌ஷயர் புட்டிங் என்ற பெயரோடு எழுதினார். கம்பியைச் சுழற்றுவதற்கென்றே ஒரு நாய் இனம் இருந்தது. சமையலறைச் சுவரில் மரச்சக்கரம், அதற்குள் ஓடும் குட்டைக்கால் நாய். அந்த இனம் இன்று இல்லை. பாடம் செய்த ஒன்றை வேல்ஸில் ஆபர்கவென்னி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் விஸ்கி.

மரபு, மரபு என்று குதிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கறாராகப் பார்த்தால் ஓவனுக்குள் வைப்பது ரோஸ்ட்டே இல்லை, பேக்கிங். மரபுதான் வேண்டுமென்றால் முதலில் ஒரு நாயைத் தேடுங்கள்.

ஒவ்வொரு பொருளாக எடுத்தாலும் இதே கதைதான். 1748இல் இங்கிலாந்துக்கு வந்த பேர் கால்ம் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர், இறைச்சி சுடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்று எழுதினார். கூடவே, இவர்களுடைய சமையல் அதையும் பிளம் புட்டிங்கையும் தாண்டிப் போவதில்லை என்று ஒரு குத்தும் வைத்தார். அவர் பார்த்த மேசையில் உருளைக்கிழங்கு உண்டு. ஆனால் அது தண்ணீரில் வெந்தது, பக்கத்தில் உருக்கிய வெண்ணெய். இன்று மொறுமொறு உருளைக்கிழங்கு இல்லாத ரோஸ்ட்டை யாராவது ஒத்துக்கொள்வார்களா? கோழியைப் பாருங்கள். இன்று இருப்பதிலேயே மலிவான ரோஸ்ட் அதுதான். 1950கள் வரை இங்கே கோழி என்பது கிறிஸ்துமஸுக்கோ ஈஸ்டருக்கோ வாங்குகிற பொருள். பண்ணைக்கோழி பெருகிய பிறகுதான் அது சாதாரணச் சாப்பாடானது. இரண்டாம் உலகப்போரில் வந்த இறைச்சி ரேஷன் 1954 ஜூலை 4 வரை நீடித்தது. 14 வருடம் இந்த நாடு கையகல இறைச்சியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஒப்பேற்றியிருக்கிறது. அப்புறம் பைத்தியமாட்டு நோய் வந்து, 1997 டிசம்பரிலிருந்து இரண்டு வருடம் எலும்போடு மாட்டிறைச்சி விற்பதே சட்டவிரோதம். இங்கிலாந்தின் அடையாளம் என்று சொல்லப்படும் விலா எலும்பு ரோஸ்ட்டை அப்போது கடையில் வாங்க முடியவில்லை.

ஆக, தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு மரபை நிரூபிக்கப் போனால் தோற்றுத்தான் போவோம். பிறகு எதை வைத்து அந்தப் பப் தட்டைப் பொய் என்கிறேன்?

டின்னை வைத்து. ரோஸ்டிங் டின், ஓவனுக்குள் வைக்கிற ஆழமான உலோகத் தட்டு. பாட்டியின் வீட்டில் ஒன்று இருந்தது. கறுத்து, மூலை நசுங்கி, நேராக வைத்தாலும் ஒரு பக்கம் ஆடும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அதில் இரண்டு கிலோ இறைச்சி ஏறும், கொழுப்புப் பக்கம் மேலே. கொழுப்பு உருகி இறங்கும்போது உருளைக்கிழங்கு தண்ணீரில் அரைவேக்காடு வெந்துகொண்டிருக்கும். மாரிஸ் பைப்பர் ரகம்தான், வேறு வாங்கி வந்தால் முகத்தைச் சுளிப்பார். தண்ணீரை வடித்து, பாத்திரத்தை மூடி நன்றாகக் குலுக்குவார். கிழங்கின் விளிம்பெல்லாம் சிராய்த்து மாவு மாவாக ஆகும். அந்தச் சிராய்ப்புதான் பின்னால் மொறுமொறுப்பாக மாறுவது. அதை டின்னில் உருகிக் கிடக்கும் கொழுப்பில் உருட்டிவிடுவார். பார்ஸ்னிப் என்று வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு, அதுவும் கூடச் சேரும்.

இறைச்சி வெந்ததும் வெளியே எடுத்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். சுடச்சுட அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த அரைமணி நேரம் ஓவன் சும்மா இருக்காது. கொழுப்பில் கொஞ்சத்தை இன்னொரு தட்டில் ஊற்றிப் புகை வரும்வரை காய்ச்சி, புட்டிங் மாவை விட்டால் சொய்யென்று சத்தம் வரும். கதவைச் சாத்திவிட வேண்டும். இடையில் திறந்து எட்டிப் பார்த்தால் புட்டிங் அமுங்கிவிடும். நான் ஒருமுறை திறந்து, ஒரு வாரம் பேச்சு கேட்டேன்.

இறைச்சி ஓய்வெடுக்கிற நேரமும் புட்டிங் எழும்புகிற நேரமும் ஒன்றாக இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அந்த இடைவெளியில் கிரேவி. டின்னின் அடியில் ஒட்டிப் பிடித்த பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டி, ஒரு கை மாவைத் தூவி வறுத்து, முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுவார். நம் வீட்டில் கறி வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்போமே, அதே புத்திதான். வெந்த தண்ணீரைக்கூடக் கொட்டாத சமையல் அது.

என் கட்சி இதுதான். ஒரு டின்னில் இறங்கிய சாறும் கொழுப்பும் கிழங்குக்குள் போய், புட்டிங்குக்குள் போய், கிரேவியாகத் தட்டு முழுக்கத் திரும்பி வந்தால் அது ரோஸ்ட். அந்தச் சுற்று எங்கே அறுந்ததோ அங்கே ரோஸ்ட் முடிந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். கோழிக்குப் புட்டிங்? தாராளமாக. கோழிக்கொழுப்பில் சுட்டு, கோழிச் சாற்றில் செய்த கிரேவியை ஊற்றினால் எனக்கென்ன வழக்கு? வான்கோழிக்கும் அப்படியே. ஸ்டஃபிங் அந்தச் சாற்றைக் குடித்திருந்தால் சரி. இறைச்சி தின்னாதவர்கள் கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுடும் நட் ரோஸ்ட்டைக்கூட நான் தள்ளமாட்டேன். வெங்காயமும் காளானும் டின்னில் கருகக் கருக வதங்கி, அதே டின்னில் கிரேவி செய்திருந்தால் அது அந்தப் பப் மாட்டிறைச்சியைவிட உண்மையானது. காலிஃபிளவர் சீஸ் மட்டும் ஆகாது. அந்த வெள்ளைச் சாஸும் கிரேவியும் தட்டில் ஒன்றையொன்று கெடுக்கும். (என் மனைவி செய்வார். நான் தின்பேன். அது வேறு விஷயம்.)

புட்டிங்கின் உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று அறிவித்தது. வேதியியலாளர்களுக்கு அன்று வேலை இல்லை போலும். பாட்டி பெரிய தட்டில் ஊற்றிச் சுட்டுச் சதுரமாக வெட்டுவார். ஓரம் எழும்பியிருக்கும், நடு பள்ளமாக இருக்கும், அந்தப் பள்ளத்தில் கிரேவி தேங்கும். கொழுப்புத் தட்டில் ஊற்றிய காலத்தில் எது நான்கு அங்குலம் எழும்பியிருக்கும்? கோப்பை கோப்பையாக நிற்பதெல்லாம் பிற்காலத்து அழகு.

பாக்கெட் கிரேவியை நான் மேட்டிமைத்தனத்தால் திட்டுகிறேன் என்று குழுவில் ஒருவர் சொன்னார். பாட்டியின் அலமாரியிலும் ஒரு பிஸ்டோ டப்பா இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் 1908இல் வந்த அந்தப் பிஸ்டோ ஒரு பொடி. டின்னில் இருக்கும் சாற்றைக் கெட்டியாக்கி நிறம் கொடுப்பதுதான் அதன் வேலை. சாறு இல்லாமல் அதற்கு வேலை இல்லை. வெந்நீர் ஊற்றினாலே கிரேவியாகிவிடும் குருணை பிறகு வந்தது. அது வந்தபின் டின்னும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம். முன்னது கைத்தடி, பின்னது கட்டைக்கால்.

பப் என்றாலே போலி என்று சொல்லவும் நான் தயாரில்லை. ரோஸ்ட் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதும் ஒரு கற்பனை. 19ஆம் நூற்றாண்டில் ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்கள் ஞாயிறு காலை தேவாலயம் போகும் வழியில் இறைச்சியையும் கிழங்கையும் ஒரு டின்னில் வைத்து ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடையில் அன்று ரொட்டி சுடமாட்டார்கள், ஆனால் அடுப்பில் சூடு இருக்கும். திரும்பி வரும்போது வெந்த டின்னைத் துணி மூடி வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். ஊர் அடுப்பு, ஆனால் டின் அவரவருடையது.

நேரம்தான் மாறிவிட்டது. 1994 வரை பெரிய கடைகள் இங்கே ஞாயிறன்று திறக்கக் கூடாது. 1995 வரை பப்புகள்கூட ஞாயிறு பிற்பகலில் நாலு மணி நேரம் மூட வேண்டும். போக ஓரிடமும் இல்லாத நாளில் நாலு மணி நேரம் ஓவனைப் பார்த்துக்கொண்டு இருப்பது சிரமமில்லை. இன்று ஞாயிறு மதியம் 100 பேருக்கு மேல் தட்டு போகும் சமையலறையில், ஒவ்வொரு டின்னையும் யார் சுரண்டுவது என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் முந்தின நாளே எலும்பை வறுத்துச் சாறெடுத்து வைக்கும் பப்புகள் உண்டு. நான் அங்கேயும் சாப்பிட்டிருக்கிறேன், 22 பவுண்டு வலிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது, மனைவி சாப்பிடமாட்டார். ஆட்டுத்தோள் அல்லது பன்றித்தோள்தான். ஆடு என்றால் புதினா, வினிகர், சர்க்கரை சேர்த்த மின்ட் சாஸ். முதலில் அதைத் துவையல் மாதிரி அரைத்துக் கெடுத்தேன், பொடியாக நறுக்க வேண்டும். பன்றி என்றால் ஆப்பிள் சாஸ், மேலே பொரிந்த தோல். பன்றிக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆட்டுக்கொழுப்பு ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். பன்றிக்கொழுப்பு கிண்ணத்தில் வெள்ளையாக உறையும், அதன் அடியில் சாறு பழுப்பு ஜெல்லியாக நிற்கும். இரண்டையும் கிளறி ரொட்டியில் தடவி உப்புத் தூவித் தின்பதற்கு ஷெஃபீல்டு பக்கம் மக்கி ஃபேட் என்று பெயர், அழுக்குக் கொழுப்பு. திங்கட்கிழமைக் காலை பாட்டி முதல் துண்டை எனக்குத்தான் தருவார்.

இந்த ஞாயிறு பன்றி. காலையிலிருந்து நின்று, டின்னைச் சுரண்டி, கிரேவி செய்து மேசையில் வைத்தேன். பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் வளர்ந்த என் மகன் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணியா இருக்குப்பா" என்றான். எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டான். அலமாரியிலிருந்து குருணை டப்பாவை எடுத்து வந்து, நான் குலுக்கிச் சிராய்த்து மொறுமொறுவென்று சுட்ட கிழங்கின்மேல் கெட்டியாக ஊற்றிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. டின்னில் மிச்சமிருந்ததைக் கிண்ணத்தில் வழித்து, மூடி போட்டு, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்தேன்.