சுவத்துக்கு வெள்ளையடிச்சாச்சு, கெணத்துக்கு?

ரெண்டு நாளா எதுவும் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்துல தண்ணி சுத்திகரிக்கற ஆர்ஓ மெஷினைத் தொறந்து வெச்ச விழா வீடியோவ எல்லாரும் பாத்துட்டீங்க, எனக்கும் அனுப்பித் தள்ளிட்டீங்க. "நீங்க ஒண்ணும் சொல்லலையா?"னு கேட்ட அத்தனை பேருக்கும் சேத்து இது. அந்த வீடியோவ மறுபடி இங்க போடப் போறதில்ல. கடைசி வரிசைல நிக்கற எங்க புள்ளைங்க மூஞ்சிய இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல.

பள்ளிக்கூடத்துக்கு ஆர்ஓ மெஷின் வந்தது சந்தோஷம். குடுத்தவங்களுக்கு நன்றி. ரிப்பன் வெட்டினவங்களுக்கு நன்றி. கத்தரிய தட்டுல வெச்சு ஏந்தி நின்னவங்களுக்கும் நன்றி. ஆனா விழாவுக்கு மொத நாள் சாயங்காலம், தெருப் பக்கத்துச் சுவத்துல எந்தக் கெணத்துத் தண்ணில ஃப்ளோரைடு எவ்வளவுன்னு புள்ளைங்க அளந்து எழுதி வெச்சிருந்த கெணத்துக் கணக்கு மேல வெள்ளையடிச்சு, அதுக்கும் மேல ஃப்ளெக்ஸ் கட்டுனீங்களே, அது எதுக்கு? சுவத்துக்கு வெள்ளையடிச்சாச்சு, சரி. கெணத்துக்கு எப்ப அடிக்கப் போறீங்க?

மேடைல பேசினவர் விளக்கமும் குடுத்துட்டார். "சின்னப் பசங்க விளையாட்டு, ஊர் பேரு கெடுது." சின்னப் பசங்க விளையாட்டுன்னா ஊர் பேரு எப்படிங்க கெடும்? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.

வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. பாலக்காட்டுக்குக் கிழக்க, கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதி பக்கம் பூமிக்கடியில இருக்கறது கருங்கல்லு. அந்தக் கல்லுல இருந்து ஃப்ளோரைடு தண்ணில இறங்குது. இது யாரோட குத்தமும் இல்ல. கேரளாவுலயே மழை கம்மியா பெய்யற பூமிகள்ல எங்களோடதும் ஒண்ணு. மழை இல்லாம போர்வெல்லை ஆழமா ஓட்ட ஓட்ட, கல்லுக்குள்ள வருஷக்கணக்கா ஊறின தண்ணியத்தான் மேல ஏத்தறோம். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500ல ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம்னு போட்டிருக்கு, வேற வழியே இல்லாட்டி 1.5 வரைக்கும் போலாம். அதைத் தாண்டின தண்ணியக் குடிச்சு வளர்ற குழந்தைக்குப் பல்லுல காவி ஏறும், பல வருஷம் குடிச்சா எலும்புல உக்காரும். காய்ச்சினா போகாது. தண்ணி ஆவியாகி ஃப்ளோரைடு பாத்திரத்துலயே தங்கறதால இன்னும் கெட்டியாகும். இதை எதுக்கு அழுத்திச் சொல்றேன்னா, அதே மேடைல இன்னொருத்தர் "எல்லாரும் காய்ச்சிக் குடிங்க புள்ளைகளே"ன்னு அறிவுரை சொல்லிட்டுப் போனார். கடைசி வரிசைல ஒம்பதாவது படிக்கற ஒரு புள்ள தலைய ஆட்டி "இல்ல"ன்னது வீடியோவுல தெரியும். உத்துப் பாருங்க.

அந்தப் புள்ளைங்க செஞ்சது என்னன்னு நேர்ல பாத்தவன் சொல்றேன். தண்ணி சோதிக்கற கிட்ல மருந்து கலந்த தண்ணிய வெள்ளைக் காயிதத்துக்கு முன்னாடி நிழல்ல புடிக்கணும். ஃப்ளோரைடு கூடக்கூட ரோஸ் கலர் மஞ்சளுக்கு மாறும். கண்ணால கலர் அட்டையோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லணும், அதனால ஒருத்தி 1ம்பா, இன்னொருத்தி 1.5ம்பா. நாங்க, ஞாயித்துக்கெழமை வந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கற எங்களை "ஞாயித்துக்கெழமை இன்ஜினியருங்க"ன்னு கிண்டல் பண்றாங்களே அந்த நாங்க, சொல்லிக்குடுத்தது ஒண்ணுதான்: மூணு பேரு தனித்தனியா பாருங்க, அடுத்தவ சீட்டைப் பாக்காம எழுதுங்க, அப்பறம் மூணையும் சேத்து விரிங்க. மூணும் ஒத்துவரலையா, மறுபடி தண்ணி எடுங்க. குடிக்கலாம்னா சுவத்துல பச்சை, குடிக்க வேண்டாம்னா செவப்பு. செவப்பு போடறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் லேபுக்குப் போகணும். இதுல விளையாட்டு எங்க இருக்கு? பஞ்சாயத்து மீட்டிங்குல இத்தனை ஒழுங்கா ஒரு தீர்மானம் எழுதிப் பாத்திருக்கீங்களா?

ஆரம்பத்துல அவங்களுக்கு ஃபில்டர் பண்ணணும்னுதான் ஆசை. பக்கெட்ல படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளிய விடற நல்கொண்டா முறை, நாக்பூர் நீரி ஆய்வகம் கண்டுபுடிச்சது. செஞ்சு பாத்தாங்க. தண்ணிக்குத் தண்ணி படிகாரக் கணக்கு மாறுது, அடில சேர்ற கசடைக் கொட்ட எடம் வேணும், ருசி மாறிப்போச்சுன்னு வீட்ல யாரும் வாய்ல வைக்கல. எங்க குழுவுல இருந்தவங்களுக்கு இது முன்னாடியே தெரியும். வாயத் தொறக்கல. பக்கெட்டை நீங்களே கவுத்துப் பாருங்கன்னு விட்டோம். அப்பறம்தான் ஒரு புள்ள கேட்டா: "ஏனுங் சார், எல்லாக் கெணத்துலயும் இப்பிடித்தானா?" அந்தக் கேள்விதான் சுவரா மாறுச்சு. ஆழப் போர்லயெல்லாம் செவப்பு. வாய்க்காலை ஒட்டின பழைய தொறந்த கெணறுக பலதும் பச்சை. கோயில் கெணறும் பச்சை. அந்தக் கெணத்துல தண்ணி சேந்தறதையே விட்டுட்டோம், குப்பை விழுந்துட்டு இருந்துச்சு.

ஒரு நாள் அந்தச் சுவத்து முன்னாடி ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க. "என்ற கெணத்தை எதுக்குக் கண்ணு செவப்புல எழுதியிருக்கறே?" "அம்மிச்சி, குளிக்க, தொவைக்க, மாட்டுக்குத் தொட்டி கழுவ அதையே எடுத்துக்குங்க. குடிக்கறதுக்கும் சோத்துக்கும் மட்டும் கோயில் கெணத்துல ரெண்டு கொடம் கொண்டாங்க. தூக்க முடியலீன்னா சொல்லுங்க, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொண்டாந்து தர்றோம்." காசு செலவில்லாத, கரண்டு வேண்டாத ஒரு தீர்வு. அதுமேலதாங்க வெள்ளையடிச்சிருக்கீங்க.

"நெலத்து விலை எறங்கும்" — இது ஒரு வாதம். எங்க தோட்டத்து போர்தான் மொத வரிசைல செவப்பு. எங்கப்பாவே மூணு நாள் எங்கிட்டப் பேசல, "ஊருக்கெல்லாம் காட்டணுமா"ன்னார். இப்ப அவர் குடிக்கறது கோயில் கெணத்துத் தண்ணி. விலை எறங்குச்சான்னு கேட்டா, எங்க தோட்டத்தை யாரும் வாங்க வரவும் இல்ல, நாங்க விக்கவும் இல்ல. அவ்வளவுதான் இதுக்குப் பதில்.

"பொண்ணு கேட்டு வர்றவங்க சுவத்தைப் பாத்துட்டுப் போயிடுவாங்க" — இதைச் சொன்னவங்க மேல எனக்குக் கோபம் வரல. வேற என்னமோ வருது. சுவத்தை எதுக்குப் பாக்கணும்? பொண்ணு சிரிச்சா தெரிஞ்சுடுமே. நான் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனப்ப ஹாஸ்டல்ல மொத வாரமே ஒருத்தன் கேட்டான், "பான்பராக் போடுவியாடா?"ன்னு. பீடியான்னு கேட்டான் இன்னொருத்தன். வார்டன் ஒரு நாள் என் பெட்டியையே தொறந்து பாத்தார். வெளக்கு வெளக்குன்னு வெளக்கி ஈறுல ரத்தம் வந்ததுதான் மிச்சம். என் காலேஜ் போட்டோ எதுலயும் எனக்குப் பல்லு இல்ல. அது ப்ரஷ்ஷுல போற கறை இல்லன்னு, பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஏறினதுன்னு யாரும் சொல்லல. சொல்ல ஒரு சுவரும் இருக்கல. எங்க ஊர்ல பொண்ணுங்க முந்தானையால வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறதை அடக்கம்னு நெனைச்சுட்டு இருந்தீங்களா?

ஒம்பதாவது படிக்கற புள்ளைக்கு இனி என்ன தண்ணி குடுத்தாலும் பல்லு மாறாது. அது அவளுக்கும் தெரியும், நாங்க மறைக்கல. வீட்ல ரெண்டு வயசுல தம்பி இருக்கான், அவனுக்காகத்தான் அளக்கறா.

"பாலுக்குக் கணக்கு பாக்கற மாதிரி தண்ணிக்குமா"ன்னு ஒருத்தர் சிரிச்சார். ஆமாங்க, அதே மாதிரிதான். காலைல பால் சொசைட்டில மெஷின் கொழுப்பு கம்மின்னு காட்டுனா, மறுபேச்சு பேசாம சீட்டை வாங்கிட்டு வந்து வீட்ல மாட்டுக்குப் புண்ணாக்கு கூடப் போடறோமில்ல? மெஷின் மேல யாரும் வெள்ளையடிக்கறதில்ல.

அடுத்து, "ஆர்ஓ வந்துருச்சே, இனி என்ன பிரச்சனை?" இதுக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா எங்களுக்கு மெஷின் மேல பொறாமைன்னு ஒரு பேச்சு ஓடுது. எங்க குழுவுல ஒருத்தர் திருப்பூர்ல சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்ஓ ஓட்டறவர். 2011ல கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்துல இருந்து ஆர்ஓல தண்ணிய வடிகட்டற சவ்வு, அந்த மெம்ப்ரேனோடயே குடித்தனம் பண்றவர். அவர் சொல்றார்: ஆர்ஓ ஃப்ளோரைடை எடுக்கும், சந்தேகமே இல்ல. ஆனா எடுத்ததை எங்க விடும்? நல்ல தண்ணி ஒரு குழாய்ல, கெட்டியான கழிவுத்தண்ணி இன்னொரு குழாய்ல. இந்த மாதிரி சின்ன மெஷின்ல உள்ள போற தண்ணில பாதிக்கு மேலயே வெளிய போயிடும். நிலத்தடி நீர் வாரியம் "அளவுக்கு மீறி உறிஞ்சின" பட்டியல்ல பல வருஷம் வெச்சிருந்த பாலக்காட்டுச் சித்தூர் பிளாக்குல இருந்துட்டு, பாதித் தண்ணிய வீசற மெஷினுக்குக் கை தட்டறோம். போகட்டும். அந்தக் கழிவுக் குழாயை எங்க விட்டிருக்கீங்க? போருக்குப் பக்கத்துல இருக்கற உறிஞ்சு குழில. எடுத்த ஃப்ளோரைடை எடுத்த எடத்துலயே திருப்பிக் குடுக்கறோம், ரொம்ப நியாயமான ஏற்பாடு.

விழாவுல ஒரு பேனா மாதிரி மீட்டரை டம்ளர்ல முக்கி, நம்பர் எறங்குதுன்னு காட்டினாங்களே, அது டிடிஎஸ். மொத்த உப்பைக் காட்டும், அதுல ஃப்ளோரைடு எவ்வளவுன்னு காட்டாது. மெம்ப்ரேன் தேஞ்சு போச்சான்னு மாசாமாசம் ஃப்ளோரைடு பாக்க யாரு இருக்கா? பாக்கத் தெரிஞ்ச புள்ளைங்கள "விளையாட்டுப் பசங்க"ன்னு கடைசி வரிசைல நிறுத்திட்டீங்க. எங்களோட வாதமே இதுதான், வேற ஒண்ணுமில்ல: மெஷினை யாரு வேணாலும் ஒரு நாள்ல கொண்டாந்து எறக்கலாம். தண்ணிய அளக்கத் தெரிஞ்ச ஆளுங்க ஊர்ல உருவாகறதுக்கு வருஷம் ஆகும். அந்த வருஷங்களைத்தான் சுண்ணாம்பால அடிச்சீங்க.

பத்தாங்கிளாஸ் மார்க்கு போயிடும்ங்கறாங்க. போகல. அடுத்தது.

போட்டோவுக்கு வர்றவங்கங்கறாங்க. எங்க ஆளுங்க இருக்கற போட்டோ ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. ஃப்ளெக்ஸ்ல இருந்த மூஞ்சிகளை எண்ணினீங்களா? அதுல புள்ளைங்க மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. வாரம் பூரா பம்ப் கம்பெனில நின்னுட்டு, ஞாயித்துக்கெழமை வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வர்ற பசங்களுக்கு பெட்ரோல் காசுகூட யாரும் தர்றதில்ல. கேக்கவும் இல்ல. நன்றிகூட வேண்டாம். வேண்டாம்னுதான் எப்பவும் சொல்லிட்டு இருந்தோம். ஆனா இப்பிடி மேடைல வெச்சு...

சரி, விடுங்க.

குழாய்த் தண்ணி வருதே, வீட்டு வீட்டுக்குத் திட்டம் இருக்கேன்னும் கேட்டிருந்தாங்க. ஜல் ஜீவன் 2019ல வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. வர்ற நாள்ல குடிக்கறோம். வராத நாள்ல எதைக் குடிக்கறோம்? அந்தப் பட்டியல்தான் சுவத்துல இருந்துச்சு.

இன்னொண்ணு, ரொம்ப நாளா மனசுல இருக்கறது. "தமிழ்ல எதுக்கு எழுதினீங்க"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அம்மிச்சிக்குப் படிக்கத் தெரிஞ்சது அதுதாங்க. அதிகாரி படிக்கறதுக்காக எழுதல. எங்களுக்கு எப்பவும் இதே கதைதான். ஒவ்வொரு கோடைக்கும் ஆளியாத்துத் தண்ணிக்காக தமிழ்நாடு, கேரளா ரெண்டு சர்க்காரும் லெட்டர் போட்டுக்குவாங்க. ரெண்டு மாநில ஒப்பந்தப்படி எல்லைல இருக்கற மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும், வந்துச்சா வரலையான்னு அங்க சண்டை. இங்க குடிக்கற கெணத்துல என்ன இருக்குன்னு ரெண்டு பக்கமும் யாரும் வந்து சொல்லல. அந்தப் பக்கம் போனா மலையாளத்தான், இந்தப் பக்கம் வந்தா பாண்டி. புள்ளைங்களா பாத்து எழுதினா ஊர் மானம் போச்சு.

எங்களுக்குப் பக்கத்துலதான் பெருமாட்டி பஞ்சாயத்து, பிளாச்சிமடை. 2000ல கோகோ கோலா கம்பெனி வந்துச்சு. தண்ணி கெட்டுப்போச்சு, சோறு வேக மாட்டேங்குதுன்னு மொதல்ல சொன்னது மயிலம்மா மாதிரி எரவாளர் பழங்குடிப் பொம்பளைங்க. கையில கிட்டும் இல்ல, லேபும் இல்ல, நாக்குதான் இருந்துச்சு. 2002 ஏப்ரல்ல கம்பெனி வாசல்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க. எத்தனை பேரு சிரிச்சாங்கன்னு நமக்குத் தெரியும், நம்ம வீட்லயும் சிரிச்சிருக்காங்க. 2003ல பிபிசி ரேடியோக்காரங்க கம்பெனிக் கழிவை எடுத்துட்டுப் போயி இங்கிலாந்துல எக்ஸிட்டர்ல சோதிச்சு, அதுல காட்மியமும் ஈயமும் இருக்குன்னு சொன்னப்பறம் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. 2004 மார்ச்சுல கம்பெனி நின்னுச்சு. இங்கிலாந்துல அளந்தா அது விஞ்ஞானம். நம்ம ஒம்பதாம் கிளாஸ் புள்ள அளந்தா அது விளையாட்டு. மயிலம்மா 2007ல போய்ச் சேந்துட்டாங்க, இப்ப அவங்க படத்துக்கு மாலை போட்டு மேடைல பேசறதும் இதே ஆளுங்கதான். உசுரோட இருக்கற மயிலம்மாக்கள் கடைசி வரிசைல நிக்கறாங்க.

சத்தமா எழுதிட்டேனோ என்னமோ. இருக்கட்டும்.

பிடிஏ, அதாவது பெத்தவங்க-வாத்தியார் சங்கத்துக்காரங்களுக்கு ரெண்டே விஷயம். கழிவுக் குழாயைப் போர்ப் பக்கத்துல இருந்து எடுத்து, மொதல்ல கக்கூஸ் தொட்டிக்குத் திருப்பி விடுங்க, கழுவறதுக்காவது ஆகும். குழாயும் எல்போவும் நாங்க வாங்கித் தர்றோம், அதுக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். மாசாமாசம் மெஷின் தண்ணிய அளந்து எழுதற வேலையைப் புள்ளைங்ககிட்டக் குடுங்க.

கணக்கு அழிஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டவங்களுக்கு: நோட்டுல இருக்கு. மூணு நோட்டுல இருக்கு, மூணு வீட்ல.

மழை நின்னுருச்சு, இந்த ஞாயித்துக்கெழமை மறுபடி அளக்கறாங்க. கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க வரும்போது அவங்கவங்க கெணத்துல இருந்து ஒரு லிட்டர் தண்ணி கொண்டாங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல கொண்டாங்க, கண்ணாடி வேண்டாம். அதே தண்ணில மூணு தடவை அலசிட்டுப் புடிங்க. போர்த் தண்ணின்னா மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினப்பறம் புடிங்க. பாட்டில்ல பேரும் கெணறு இருக்கற எடமும் எழுதுங்க, தமிழ்ல.