அவர் வீடுதான், ஆனாலும் ஃபியூஸைப் பிடுங்க முடியாது

வாடகைக்கு ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓனர் ஃபியூஸைப் பிடுங்கும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. இரண்டு நாளாக அதற்குக் கீழே "ஓனர் செய்ததில் என்ன தப்பு, அவர் வீடுதானே" என்று வரிசையாக எழுதுகிறார்கள். அவர் வீடுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஆள் குடியிருக்கும்போது ஃபியூஸைப் பிடுங்கவோ, தண்ணி மோட்டாரை நிறுத்தவோ, கதவில் இன்னொரு பூட்டு மாட்டவோ அவருக்கு உரிமை கிடையாது. வாடகை பாக்கி இருந்தாலும் கிடையாது.

"அப்போ வாடகை தராதவனை வச்சு சோறு போடணுமா?" வேண்டாம் சார், தாராளமாகக் காலி செய்ய வையுங்கள். ரென்ட் கோர்ட் வழியாக. "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கு" என்பது தமிழ்நாட்டின் பழைய 1960 வாடகைச் சட்டத்துக் கதை. அதில் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபித்தாக வேண்டும், அப்புறம் அப்பீல், அதற்கும் மேலே ரிவிஷன் என்று மறுபடி விசாரணை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டத்தில் அந்த 'வேண்டுமென்றே' எல்லாம் இல்லை. இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ், ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால் மனு. நோட்டீஸ் எழுத்தில் இருக்கணும், கையெழுத்து இருக்கணும், தபாலிலோ நேரிலோ போய்ச் சேரணும். ராத்திரி பதினோரு மணிக்குத் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நோட்டீஸ் ஆகாது.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் ஃபியூஸுக்குப் போகிறார்கள்? பல பேரிடம் பதிவு செய்த அக்ரிமென்ட் இல்லை. ஜெராக்ஸ் கடையில் அடித்த பதினோரு மாதப் பத்திரம்தான். ஒரு வருஷத்துக்குக் குறைந்தால் பதிவு வேண்டாம் என்ற அந்தப் பழைய தந்திரம் நகரங்களில் இப்போது செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு, இந்தச் சட்டப்படி வாடகை விவகாரங்களைப் பார்க்கும் அரசு அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டியிடம் பதியணும். பதிந்தால் வாடகை வருமானம் வெளியே தெரியுமே, அதுதான் கசக்கிறது. குடியிருப்பவர்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம். அக்ரிமென்ட் போடாததே உங்களைக் காலி செய்யச் சொல்லும் காரணங்களில் முதலாவது, புதுச் சட்டத்தின் பிரிவு 21(2)(ஏ).

கரண்டை நிறுத்தினால் சண்டைக்குப் போகாமல் ரென்ட் அத்தாரிட்டியிடம் மனு கொடுங்கள், திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. வாடகையை வாங்க மறுத்தாலும் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். பிடிவாதமாக மறுத்தால் ரென்ட் அத்தாரிட்டியிடமே கட்டலாம். நிறுத்தினீர்களோ, பாக்கிக்காரர் நீங்கள்தான்.

"ஓனர்களும் பாவம், ரிட்டையர்மென்ட் பணத்தில் கட்டின வீடு." சரி, பாவம். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும்போது யாரும் அந்தப் பாவத்தைப் பேசுவதில்லை. சட்டம் சொல்வது மூன்று மாதம். அதிலும் வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், மொத்த சென்னையும் அந்தச் சந்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. காலி செய்கிற அன்றைக்கு, புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுடையதைத் தருவேன் என்பார்கள். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை கழிப்பார்கள். பில் எங்கே என்று கேட்டால் நாம்தான் ராங்கி பிடித்தவர்கள்.