குபேரனுக்கும் சேர்த்து வாடகை

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், ஞாயிற்றுக்கிழமை காலை. கோவில் திருப்பணிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சிற்பி பாண்டியன். கம்ப்யூட்டர் வேலைக்காகப் போன வாரம் வந்து இறங்கிய சேகர். கையில் போன், போன் நிறைய வீட்டு விளம்பரம்.)

சேகர்: அண்ணே, முடிவு பண்ணிட்டேன். உம்லாங்காவில் பத்தாவது மாடி. ஆபீஸ் பக்கம். பால்கனியில் நின்றால் இந்தியப் பெருங்கடல்!

பாண்டியன்: கடல் இருக்கட்டும் தம்பி. வேட்டியை எங்கே காயப்போடுவாய்?

சேகர்: பால்கனியில்தான்.

பாண்டியன்: நடக்காது. இங்கே அடுக்குமாடிக்கெல்லாம் விதிப்புத்தகம் உண்டு. வெளியே இருந்து கண்ணில் படும்படி துணி தொங்கவிட எழுத்தில் அனுமதி வாங்கணும்.

சேகர்: என் வேட்டிக்கு நான் மனுப் போடணுமா?

பாண்டியன்: நாய் வளர்க்கவும் மனுதான். குரங்குக்கு மட்டும் வேண்டாம்.

சேகர்: குரங்கு வளர்க்கலாமா?

பாண்டியன்: வளர்க்கவே வேண்டாம், தானே வரும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆபீஸ் போய்ப் பார். ரொட்டி, வாழைப்பழம் எதுவும் மிஞ்சாது.

சேகர்: அப்போ தனி வீடு. இதோ, மூன்று பெட்ரூம், தோட்டம்.

பாண்டியன்: கேட்டுக்கு மோட்டார், சுவர்மேல் மின்வேலி, ஜன்னலுக்குக் கம்பி, அலாரம் அடித்தால் ஓடி வர ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மாசாமாசம் தனிப் பணம்.

சேகர்: உள்ளே இருக்கப்போவது நானும் ஒரு குக்கரும்தானே!

பாண்டியன்: அதைத்தான் சொல்கிறேன். இரண்டில் எதற்கும் அவ்வளவு காவல் தேவையில்லை.

சேகர்: இன்னொன்று அண்ணே. வாஸ்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்கிறார் மாமனார். வடக்குப் பார்த்த வீடாக இருக்கணுமாம். குபேர திசை.

பாண்டியன்: உன் மாமனார் மட்டுமா, இங்கே வெள்ளைக்காரனும் வடக்குதான் கேட்பான்.

சேகர்: அவர்களுக்கும் வாஸ்து உண்டா!

பாண்டியன்: வெயில் உண்டு. நீ பூமத்திய ரேகையைத் தாண்டி, ஏறக்குறைய 30 டிகிரி தெற்கே வந்திருக்கிறாய். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்தே போகும். தெற்குப் பார்த்த அறையில் வெயில் எட்டிப் பார்க்காது, சுவரில் பூசணம்தான். அதனால் ‘வடக்குப் பார்த்தது’ என்று விளம்பரம் போட்டாலே வாடகை ஏறும்.

சேகர்: அப்போ குபேரன் வீட்டு ஓனருக்குத்தான் கொடுக்கிறாரா?

பாண்டியன்: கொடுக்கிறார், உன்னிடம் வாங்கி. அதோடு ஏஜென்ட் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பான். வைத்திருக்கிறாயா?

சேகர்: மூன்று மாதம் முன்னால் நான் கும்பகோணத்தில் இருந்தேன்!

பாண்டியன்: அதான். சாட்ஸ்வர்த்தில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கிரானி ஃப்ளாட். தனி வாசல், ஒரு அறை, சமையலறை. சம்பளச் சீட்டு வேண்டாம், நான் சொன்னால் போதும்.

சேகர்: அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன் அண்ணே. நிறைய வீடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறதே?

பாண்டியன்: இனம் பிரித்து ஊரைப் பங்குபோட 1950-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1960-களில் நம்மவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே ஒட்டிக் கட்டிய வீடுகளில் போட்டார்கள். இந்த அம்மாவின் அப்பா மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த மாநகராட்சித் தொழிலாளி. உனக்குக் காட்டுகிற மாதிரி அவருக்கு யாரும் பத்து வீட்டைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கவில்லை.

சேகர்: (போனைக் கவிழ்த்து வைக்கிறான்) ...சரி அண்ணே. ஆனால் ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடி, சாட்ஸ்வர்த் இந்தக் கோடி.

பாண்டியன்: அம்மாவின் மகன் தினமும் உம்லாங்கா போகிறான். பெட்ரோலில் பாதி கொடுத்துவிடு. கரண்ட்டுக்குப் ப்ரீபெய்டு மீட்டர். சூப்பர்மார்க்கெட்டில் காசு கட்டினால் 20 இலக்க எண் தருவார்கள். அதை மீட்டரில் அடித்தால் விளக்கு எரியும்.

சேகர்: ஒரு இலக்கம் தப்பினால்?

பாண்டியன்: இருட்டில் உட்கார்ந்து மறுபடி அடி.

சேகர்: அட்வான்ஸ்? சென்னையில் பத்து மாத வாடகையை அமுக்கினார் ஒருத்தர்.

பாண்டியன்: ஒரு மாதம்தான் கேட்கிறார். அதையும் வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்கணும், காலி பண்ணும்போது வட்டியும் உனக்குத்தான். 1999 வாடகைச் சட்டம் அப்படி. குடிபோகும்போது இரண்டு பேரும் சேர்ந்து சுவர், குழாய் எல்லாம் பார்த்து எழுதிக்கொள்ளணும்.

சேகர்: (எழுந்து உட்கார்ந்து) வட்டி எனக்கா! அண்ணே, அப்போ நானே பத்து மாதம் அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லுங்கள்!

பாண்டியன்: சொல்கிறேன். இந்தப் பையன் ஏதோ பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அந்த அம்மா நேரே போலீஸுக்குப் போன் போடும். அங்கே கொடுப்பார்கள் உனக்கு வாடகையில்லாத அறை.

சேகர்: வடக்குப் பார்த்ததா அண்ணே?