நூறு வருடம் ஆனாலும் தேடத்தான் வேண்டும்

முதல் உலகப்போரில் செத்த சிப்பாயின் எலும்புக்கு இப்போது டிஎன்ஏ சோதனை எதற்கு, வீண் செலவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஜிம் ஹண்டரைப் பற்றித்தான் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நனாங்கோ என்ற ஊர்க்காரர். அவரும் அண்ணன் ஜாக்கும் ஆஸ்திரேலிய ராணுவத்தின் 49வது பட்டாலியன் என்ற படைப்பிரிவில் ஒன்றாக இருந்தார்கள். போருக்குப் போன அந்த ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. அரசு 1916, 1917 என இரண்டு முறை மக்களிடம் வாக்கெடுத்தும் வேண்டாம் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தார்கள். சுமார் அறுபதாயிரம் பேர் திரும்பவில்லை.

1917 செப்டம்பர் 26, பெல்ஜியத்தில் பாலிகன் வுட் சண்டை. ஜாக் தம்பியின் கையிலேயே உயிரை விட்டார். வயது 28. ஷெல் விழுந்துகொண்டிருந்த அந்த மண்ணில் ஜிம் அண்ணனைத் துணியில் சுற்றிக் கட்டிப் புதைத்தார். பிறகு தேடிப் போனபோது இடமே தெரியவில்லை. குண்டுவீச்சில் நிலம் அப்படிப் புரண்டு கிடந்தது.

2006ல் அங்கே எரிவாயுக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். ஐந்து ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மட்டும் தனியாகக் கண்ணில் பட்டது. யாரோ பார்த்துப் பார்த்துச் சுற்றிக் கட்டி, கைகளை மார்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். குடும்பத்தாரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோது அது ஜாக் என்று உறுதியானது. 2007 அக்டோபரில் பெயர் பொறித்த கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஆனால் ஜிம் 1977லேயே இறந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

சிட்னியின் சீபுரூக் சகோதரர்கள் மூன்று பேர். 17வது பட்டாலியன். 1917ன் அதே செப்டம்பரில், பெல்ஜியத்தில் அவர்கள் கண்ட முதல் சண்டையிலேயே, இரண்டே நாளில் மூவரும் போய்விட்டார்கள். கடைசித் தம்பி கீத்துக்கு மட்டும் கல்லறை இருக்கிறது. தியோவுக்கும் ஜார்ஜுக்கும் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயில் என்ற போர் நினைவுச்சின்னத்தின் சுவரில் பெயர் மட்டும்தான். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தாய் வணங்க ஒரு மண்மேடுகூட இல்லை.

அனுப்பும்போது பேர், ஊர், அம்மா பேர் எல்லாம் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்ட அரசுக்கு, அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை காலாவதி ஆகாது. தியோவையும் ஜார்ஜையும் இன்னும் தேட வேண்டும். அதற்கு ஆகும் செலவை யாரும் வீண் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.